சூடு தணிந்த குட்டையில் கெண்டை

கையில் மீன் வாடையோடு அம்பத்தூர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இதை அடிக்கிறேன். பக்கத்து நாற்காலிக்காரர் ஏற்கெனவே தள்ளி உட்கார்ந்துவிட்டார்.

பாடியில் எங்கள் கம்பெனிக்குப் பின்னால் ஒரு குட்டை. மெஷின்களைக் குளிரவைத்த தண்ணீர் சூடாக வந்து அதில்தான் விழும். அங்கே தூண்டில் போட்டால் ஜிலேபி மீன்தான் மாட்டும், கெண்டை மாட்டாது.

"கெண்டை எல்லாத்தையும் ஜிலேபி துன்னுட்சி," என்பார் கூட வேலை செய்யும் முனுசாமி அண்ணன்.

நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஜிலேபிக்குத் தெம்பு அதிகம். இரை விழுந்தால் மற்ற மீன்களை முட்டித் தள்ளிவிட்டு வந்துவிடும். தண்ணீர் குளிர்ந்தால் ஜிலேபி மந்தமாகிவிடும், அப்போது கெண்டை முந்தும். இதுதான் என் கட்சி.

பொங்கலுக்காக மெஷின்களை நிறுத்தியிருக்கிறார்கள். தை மாதக் குளிர் வேறு. இன்று காலை இருவரும் போய், வழக்கமான இடத்தில் வழக்கமான மைதா உருண்டையைத்தான் போட்டோம்.

முதலில் மாட்டியது கெண்டை. அடுத்ததும் கெண்டை.

அண்ணன் குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தினி நாளா இங்கியேதான் இருந்துகினு கீதா? அப்போ நாளைக்கு மெஷின் ஓடினா?"

"மறுபடியும் ஜிலேபிதான்."

"ஓடலன்னா?"

"தினமும் கெண்டைதான் அண்ணே. சம்பளம்தான் இருக்காது."

அவர் பிடித்த கெண்டையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஜிலேபியே நல்லா கீது நைனா. முள்ளும் கம்மி."

வாதத்தில் ஜெயித்தது நான்தான். ஆனால் இதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.