வீட்டு வாசல் தாண்டக் கூடாத பாட்டரி

தைவானை ஒட்டிய லான்யு தீவில் மூத்த பிள்ளை பிறந்ததும் தகப்பனின் சொந்தப் பெயர் போய்விடும். மகள் மங்கவத் பிறந்த நாளிலிருந்து அவர் சியாமன் மங்கவத், மங்கவத்தின் அப்பா. பறக்கும் மீன் காலத்தில் கடல். மற்ற மாதங்களில் தைவான் கரையில் கப்பல்களுக்குத் துரு சுரண்டும் வேலை. பதினொரு வருடத் தூள் நுரையீரலில் தங்கிவிட்டது.

அறுபத்து மூன்று வயதில், நாலு படி ஏறவே மூச்சு வாங்கியபோது, பாயைச் சுருட்டிக்கொண்டு சேப்பங்கிழங்கு வயலோரத் தகரக் குடிசைக்குப் போனார். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போனவர்தான். ஆனாலும் சாகிறவனைத் தேடி அனித்தோ வரும். செத்தவர்களின் ஆவி அது, வீட்டிலிருப்பவர்களையும் பிடிக்கும். மங்கவத் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. குடிசைக்குள் அவள் கால் வைக்கக் கூடாது என்றார்.

அவள் தைதுங் நகரில் மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்ப்பவள். ஆக்சிஜன் பெட்டியோடு வந்தாள். அதைக் குடிசை இறவாரத்தில் வைத்து, தகர இடுக்கு வழியே குழாயை உள்ளே விட்டாள். வீட்டிலிருந்து நாற்பது மீட்டர் வயர் இழுத்தாள். மறுநாள் வயர் இரண்டு துண்டாகக் கிடந்தது.

“கரெண்டுக்காரி, அறிவிருக்கா? இங்கேருந்து உன் வயித்துக்குப் பாதை போட்டிருக்க.”

“அது செம்புக் கம்பிப்பா.”

“கம்பியா கயிறான்னு அது பாத்துட்டா வரும்?”

இரண்டு பாட்டரி வாங்கினாள். ஒன்று நாலு மணி நேரம் தாங்கும். ஒப்புக்கொண்டார். குடிசைக்கு வந்த பாட்டரி திரும்ப வீட்டு வாசல் தாண்டக் கூடாது, துறைமுகப் பட்டறையில்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும் என்றார். மூன்று நாள் அப்படியே செய்தாள்.

நாலாம் நாள் புயல். தைதுங் ஆஸ்பத்திரிக்குப் போக விமானம் இல்லை. பட்டறை பூட்டு. விரலில் மாட்டிய, ரத்தத்தில் ஆக்சிஜன் அளக்கும் கருவியைப் பார்த்து உள்ளிருந்து எண் சொன்னார்: “எழுபத்தெட்டு.” தொண்ணூறுக்குக் கீழே போகக் கூடாத எண். காலியான பாட்டரியை அவள் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் செருகினாள்.

“பட்டறைக்காரன் தொறந்தானா?”

“தொறந்தான்பா.”

“குடிகாரப் பயல். ஆனா நல்லவன்.”

மதியம் மழை விட்டதும் அம்மா வரப்பில் நின்று கத்தினாள். பாட்டரி வாசல் தாண்டக் கூடாது என்பதை அம்மாவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

“ஏய் மங்கவத்! உன் பாட்டரியில பச்சை விளக்கு வந்துடுச்சு. அடுப்புகிட்ட காலை இடறுது, எடுத்துட்டுப் போ!”

குடிசைக்குள் அப்பா காதிலும் அது விழுந்தது. அவர் மூக்கிலிருந்து கழற்றிய குழாய் இடுக்கு வழியே வெளியே வந்தது.

“அப்பா, அது வெறும் பாட்டரி.”

“நான் இருக்கிறவரைக்கும்தானே அனித்தோ வீட்டுக்கு வழி தேடும்.”

குழாயை உள்ளே தள்ளினாள். வெளியே தள்ளினார். மறுபடி தள்ளினாள், கெஞ்சினாள். மெதுவாகத் திரும்பி வந்தது.

மூன்றாம் தடவை அது உள்ளேயே நின்றது. மூக்கில் மாட்டிக்கொண்டார் என்று நினைத்தாள். எண் கேட்டாள், உள்ளிருந்து எண் வரவில்லை.