சூப்பிப் போத்தல் யன்னல்

அழுகிய வாழைப்பழமும் ஈஸ்ட்டும் புளித்துப்போன திராட்சைச் சாறும் சேர்ந்தால் வருகிற வாடை மூக்கோடு நிற்பதில்லை. நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு அன்று முழுக்கச் சாப்பிடுகிற எல்லாவற்றிலும் கலந்து வரும். எனக்குப் பத்து வயதான அந்தக் கோடையில், லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டுப் பின்வளவு "ஷெட்"டுக்குள் இரண்டு நீலப் பீப்பாய்களில் அந்த வாடை நுரைத்துக்கொண்டிருந்தது. கொடியில் காய்ந்த என் பள்ளிக்கூடச் சட்டையிலும் அது ஏறியிருந்ததால், பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பிள்ளை ஒருநாள் எழுந்து வேறு இருக்கைக்குப் போனாள். எங்கள் வீட்டில் அந்தப் பீப்பாய்ச் சாமானுக்குக் "கோடா" என்று பெயர். அதைக் காய்ச்சி எடுக்கிற சாராயத்துக்கு ஊரில் "கசிப்பு" என்று பெயர் இருந்தாலும், அம்மாவின் முன்னால் எல்லோரும் அதை "மருந்து" என்றே சொன்னார்கள். அம்மா மட்டும் "அரியண்டம்" என்று முகத்தைச் சுளித்தாள்.

காய்ச்சியவர் சித்தப்பா, அப்பாவின் தம்பி. ஜெர்மனியில் பதினைந்து வருடம் தண்ணீர்க் குழாய், ஹீட்டர் வேலை செய்துவிட்டு லண்டனுக்கு வந்து, வீடு கிடைக்கும்வரை என்று எங்கள் முன்னறையில் தங்கியவர். அவரை எல்லோருக்கும் பிடிக்கும். எந்தப் பைப் ஒழுகினாலும் ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடுவார், எவரையும் சிரிக்க வைப்பார். நான் கண்டதெல்லாம் வேறு. தேநீர்க் கோப்பைக்குள் சிகரெட் சாம்பலைத் தட்டுவார். கையைத் திரைச்சீலையில் துடைப்பார். பழைய செப்புக் குழாய்களை நாங்கள் குளிக்கிற தொட்டியில் போட்டு அமிலம் ஊற்றிக் கழுவுவார். தொட்டியைச் சுற்றி நீலப்பச்சையாய் ஒரு வளையம் எப்போதும் படிந்திருக்கும். அந்த வளையத்தில் உடம்பு படாமல் நின்றுகொண்டே குளிக்க நான் பழகியிருந்தேன்.

அந்தக் குழாய்களை ஒட்டி அவர் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு செப்புத் தூண் செய்தார். கீழே பெரிய பானையில் கோடா கொதிக்கும், ஆவி தூணுக்குள் ஏறும், உச்சியில் குளிர்ந்து சொட்டுச் சொட்டாக வெளியே வரும். நெருப்புக் கூடினால் நுரை தூண் முழுக்க ஏறி, வருகிற சாமானும் சேறாகிவிடும். இரண்டு கிழமை தொடர்ந்து அப்படியே ஆனது. உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் நெருப்பைக் கட்டுப்படுத்தலாம், தூணின் நடுவில் ஒரு கண்ணாடி யன்னல் வேண்டும் என்று சித்தப்பா சொன்னார். கடையில் விற்பதன் விலையைக் கேட்டுவிட்டு, இதற்குப் போய் அவ்வளவு கொடுக்க நான் பைத்தியமோ என்றார். ஜாம் போத்தல் ஒன்றை வெட்டிப் பொருத்தினார். முதல் சூட்டிலேயே அது வெடித்தது.

அப்போது எங்கள் தம்பிக்கு எட்டு மாதம். அம்மா வயதானவர்களை வீடுகளில் போய்ப் பராமரிக்கும் வேலை பார்த்தாள். அவள் பார்த்துவந்த ஒரு வெள்ளைக்கார அம்மா தம்பிக்குப் பால் குடிக்கவென்று கண்ணாடிச் சூப்பிப் போத்தல்கள் ஆறு பரிசாகக் கொடுத்திருந்தார். பக்கத்தில் அளவுக் கோடுகளும் மஞ்சள் வாத்துப் படமும் போட்டவை. பிளாஸ்டிக் போத்தலைவிட அவை நல்லவை என்று அம்மாவுக்கு ஒரு பெருமை. அவற்றைக் கழுவி அவித்து அடுக்குவது என் வேலை. ஒருநாள் எண்ணிப் பார்த்தால் நான்குதான் இருந்தன. நான்தான் எங்கோ தொலைத்துவிட்டேன் என்று அம்மாவிடம் ஏச்சு வாங்கினேன்.

சனிக்கிழமை ஷெட் வாசலில் பந்து பொறுக்கப் போனபோது வாத்தைக் கண்டேன். செப்புத் தூணின் நடுவில், அடியும் கழுத்தும் வெட்டப்பட்ட போத்தல், இரண்டு தகடுகளுக்கு இடையில் நான்கு நீளத் திருகாணிகளால் இறுக்கப்பட்டிருந்தது. வாத்துக்குப் பின்னால் மங்கல் மஞ்சளாக ஏதோ குமிழியிட்டு வழிந்தது. அப்பாவும் இன்னும் மூன்று பேரும் குந்தியிருந்து டிவி பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொதிக்கிற தண்ணீரைத் தாங்குகிற கண்ணாடி, காசில்லாமல் கிடைத்தது என்று சித்தப்பா விளக்கினார். குழாய் வாயில் மற்றப் போத்தல் இருந்தது. அதில் கோடு போட்டிருப்பதால் அளக்கச் சுகமாம். "முதல் வாறது நஞ்சு, அதைக் குடிக்கக் கூடாது, இவ்வளவையும் எடுத்து ஊத்திப்போட வேணும்" என்று அவர் வாத்தின் தலைமட்டத்தில் விரலை வைத்துக் காட்டினார். நான் பந்தை விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த சனி அம்மா வேலைக்குப் போயிருந்தாள். தம்பி பசியில் அழுதான். அப்பா ஷெட்டிலிருந்து வந்து, கழுவி அடுக்கியிருந்தவற்றில் ஒரு போத்தலை எடுத்துப் பால் கரைத்து என்னிடம் தந்தார். தம்பி இரண்டு வாய் இழுத்துவிட்டு நாக்கால் தள்ளினான். முகம் கோணி, கத்தினான். நான் மணந்து பார்த்தேன். நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் மணம். அடுக்கில் ஐந்து போத்தல்கள் இருந்ததை நான் கவனித்திருக்கவில்லை. குழாய் வாயில் இருந்ததைச் சித்தப்பா தோட்டத்துப் பைப்பில் அலசிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

"அப்பா, இதில சித்தப்பான்ர சாமான் மணக்குது."

அப்பா மூடியைத் திருகி மணந்தார். அவருக்கு விளங்கியது, முகத்தில் கண்டேன். பாலை ஊற்றிவிட்டு, சவர்க்காரம் போட்டு அந்தப் போத்தலை இரண்டு தரம் கழுவி, மறுபடி மணந்து, அதிலேயே திரும்பவும் பால் கரைத்தார். பக்கத்தில் நான்கு நல்ல போத்தல்கள் நின்றன.

"இப்ப ஒண்டுமில்லை. அம்மாட்டச் சொல்லாத பிள்ளை, வீணாச் சண்டைதான் வரும்."

நான்தான் பருக்கினேன். தம்பி பசியில் முழுவதையும் குடித்தான்.

அடுத்த நாள் தள்ளுவண்டியின் மழைமூடியைத் தேடி அம்மா ஷெட்டுக்குள் போனாள். தூணில் வாத்தைக் கண்டாள். காஸை நிறுத்தினாள், கவிழ்த்த வாளி ஒன்றில் அமர்ந்து செம்பு ஆறும்வரை காத்திருந்தாள், பிறகு சித்தப்பா பார்த்துக்கொண்டு நிற்க, நான்கு திருகாணிகளையும் தானே கழற்றினாள். வெட்டிய கண்ணாடியை மேசையில் அப்பாவின் முன்னால் வைத்து ஒன்று கேட்டாள்.

"பிள்ளை ஷெட்டுக்குள்ள கிடந்த போத்தல் எதிலயும் பால் குடிச்சவனோ?"

"இல்லை" என்றார் அப்பா.

அம்மா என்னைப் பார்த்தாள். நானும் "இல்லை அம்மா" என்றேன்.

அந்தக் கிழமையே சித்தப்பா கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு சிநேகிதர் வீட்டுக்குப் போய்விட்டார். எல்லாப் போத்தல்களையும் அம்மா குப்பையில் போட்டாள். தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆறடி வளர்ந்து, கம்பியூட்டர் வேலை செய்கிறான். போன வருடம் ஒரு கலியாண வீட்டில் சித்தப்பா சூப்பிப் போத்தலை யன்னலாக்கிய கதையைப் பகிடியாகச் சொல்ல, மேசையே சிரித்தது. தம்பிதான் ஆகக் கூடச் சிரித்தான். நான் எழுந்துபோய்க் கைகழுவுகிற இடத்தில் நின்றேன். சித்தப்பாவைவிட, பருக்கிய என் கைதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

தோர்ண்டன் ஹீத் வீடு விற்றாயிற்று. ஷெட் இருந்த இடத்தில் வாங்கியவர்கள் சமையலறையை நீட்டிக் கட்டியிருக்கிறார்கள். அம்மா இப்போது வால்தம்ஸ்டோவில் என்னோடு இருக்கிறாள். போன மாதம் இருவரும் மேசையில் இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தபோது, நான் அவளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் ஏசுவாள் என்று நினைத்தேன். கையிலிருந்த காயை முறித்து முடித்துவிட்டுக் கேட்டாள்.

"எத்தினை தரம்?"

"நான் கண்டது ஒருக்காத்தான் அம்மா."

மற்றச் சனிக்கிழமைகளில் தம்பிக்குப் பால் கரைத்தவர் அப்பா. எந்தப் போத்தலில் என்று கேட்க அவர் இல்லை, இறந்து நான்கு வருடமாகிறது.