அனுஷியா தெரிவு செய்த ரிசீவர்

ஓப்பநாயக்கவுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் அனுஷியாவும் நானும் ஒன்றாக வேலை செய்கிறோம். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுப் போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளிலும் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அதனால் அவளைப் பற்றி நான் சொல்வதில் பாதி பார்த்தது, பாதி சுவர் வழியாகக் கேட்டது.

அவள் வீட்டுக்காரர் உதயராஜ், தேயிலை பெக்டரியில் ரோலர் மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்தவர். அந்த இரைச்சல் காதைத் தின்றுவிட்டது. முழுதாகக் கேட்காமல் போகவில்லை. இடி கேட்கும், பஸ் ஹோர்ன் கேட்கும். மனிதர் பேச்சுதான் குழைந்துபோய் விழுகிறது என்பார். ஆஸ்பத்திரியில் கொடுத்த கருவியை மாட்டினால் தகரத்தில் விழும் மழையும் சட்டிபானைச் சத்தமும் சேர்ந்து பெரிதாகிவிடுகிறதாம். கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

பொங்கலுக்கு அனுஷியாவின் அண்ணன் குடும்பம் வந்திருந்தது. எல்லோரும் டீவியில் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். படத்தில் ஒருத்தி ஓடிவந்து இன்னொருத்தியைக் கட்டிப்பிடித்தாள். உதயராஜ் கையைத் தட்டி, "அப்பாடா, நல்ல காலம் பொறந்துருச்சு!" என்று சிரித்தார். அவள் சொன்னதோ சாவுச் செய்தி. எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தோம். அவருக்கு விளங்கிவிட்டது. "மாட்டைப் பாத்துட்டு வர்றேன்" என்று எழுந்து போனார்.

அதற்குப் பிறகு டீவி போட்டால் போதும், அவர் மாட்டைப் பார்க்கப் போய்விடுவார். அந்த மாடு அவ்வளவு கவனிப்பை அதற்கு முன்னால் கண்டதே இல்லை.

வேறொருத்தியாக இருந்தால் பாவம் என்று விட்டிருப்பாள், இல்லையென்றால் காதுக்குள் கத்தியிருப்பாள். அனுஷியா இரண்டையும் செய்யவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அவள் வீட்டை எட்டிப் பார்த்தேன். இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு தனியாக டீவி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"என்னாடி இது கோலம்?"

பஞ்சை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "இவருக்கு எப்படிக் கேக்கும்னு பாக்குறேன் ஜொய்சி அக்கா. சரியா இப்படித்தான்னு சொல்ல ஏலாது. ஆனா சண்டை கேக்குது, பாட்டு கேக்குது. பேச்சு மட்டும் எங்கேயோ ஒளிஞ்சிக்குது."

கொஞ்ச நாளில் கலவானயில் ஒரு கல்யாணம். அங்கே ஸ்பீக்கர் கட்டியிருந்த ரொபர்ட் என்பவரைப் பிடித்துக்கொண்டாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கே பாடம் நடத்தினாள். டீவி ஸ்பீக்கர் அதன் முதுகுப் பக்கம் இருக்கிறதாம், பேச்சு சுவரில் மோதித்தான் நம்மிடம் வருகிறதாம். ரிசீவர் என்று ஒரு பெட்டி இருக்கிறது; அது சத்தத்தைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும். பேச்சு நடு ஸ்பீக்கருக்குப் போகும். அதை மட்டும் தனியாகக் கூட்டலாம்.

"தனியா கூட்டலாம் அக்கா. அதுதான் நமக்கு வேணும்," என்றாள்.

இரத்தினபுரிக்கு என்னையும் கூட்டிப் போனாள். கடைக்காரர் பெயர் ஜஸீல்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் 'நானா' என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர், ஆனால் கடைக்காரர். முதலில் கலர் கலராக லைட் எரியும் ஒரு செட்டைப் போட்டார். படத்தில் ஒரு லொறி வெடித்தது. என் நெஞ்சும் சேர்ந்து வெடித்தது. பக்கத்தில் நின்ற சிங்களப் பெண்மணி ஒருத்தி, "நியமய்!" என்று மெச்சினாள். 

அனுஷியா கைப்பையைத் திறந்து பஞ்சை எடுத்துக் காதில் வைத்தாள். ஜஸீல் சிரித்தார். கடையிலிருந்த மற்றவர்களும் சிரித்தார்கள். அவள் முகம் கொஞ்சமும் மாறவில்லை.

"நானா, லொறி வேணாம். ரெண்டு பேர் பேசுறத போடுங்க. நியூஸ் இருந்தா அதையும் போடுங்க."

போட்டார். லைட் எரியும் செட்டில் சத்தம் எல்லாம் சேர்ந்துதான் ஏறியது, இறங்கியது. அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். அடுத்ததாக ஏழு ஸ்பீக்கர் பூட்டக்கூடிய பெரிய ரிசீவரைக் காட்டினார்.

"எங்க லயத்துக் காம்பராவுல ஏழு ஸ்பீக்கர் வச்சா நாங்க எங்க நானா இருக்குறது?"

இந்த முறை எல்லோரும் அவளோடு சேர்ந்து சிரித்தார்கள். ஜஸீல் உள்ளே போய், இருப்பதிலேயே சின்ன ரிசீவரைத் தூக்கி வந்தார். ஐந்து ஸ்பீக்கருக்கு இடம் உண்டு; இப்போதைக்கு மூன்று போதும் என்றார். இடது, வலது, நடு. நம் சேனல்களில் இரண்டு பக்கச் சத்தம்தான் வரும், ஆனாலும் இந்தப் பெட்டி பேச்சைப் பிரித்து நடுவுக்கு அனுப்பும் என்று சொல்லி, நியூஸைப் போட்டு நடு ஸ்பீக்கரை மட்டும் கூட்டிக் காட்டினார். பிறகு தானும் ஒரு துண்டுப் பஞ்சைக் கேட்டு வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, அவளுக்குப் பக்கத்தில் நின்று கேட்டார்.

"இத்தன வருஷமா விக்கிறேன் தங்கச்சி. இப்படி ஒரு நாளும் கேட்டதில்ல," என்றார்.

அவள் விடவில்லை. கரண்ட் போய் வந்தால் நடு ஸ்பீக்கரின் அளவு மறந்து போகுமா? ரிமோட்டில் எழுத்து பெரிதா? போனில் எடுத்து வைத்திருந்த டீவியின் பின்பக்கப் படத்தைக் காட்டினாள். அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, எச்டிஎம்ஐ வழியாக இந்த டீவியிலிருந்து சத்தம் வெளியே வராது, ஆனால் சத்தம் வர ஒப்டிக்கல் என்று வேறொரு ஓட்டை இருக்கிறது என்று சொல்லி அதற்குரிய வயரைக் கொடுத்தார். கடைசியில், அதிரும் சத்தத்துக்கான பெரிய சப்வூபரையும் எடுக்கச் சொன்னார்.

"அது வேணாம். சுவருக்கு அந்தப் பக்கம் இந்த அக்காட மக கேஷானி சோதனைக்குப் படிக்குது."

சப்வூபர் வேண்டாம் என்று நான் அவளிடம் கேட்டிருக்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. அவள் அதையும் யோசித்து வைத்திருந்தாள்.

வீட்டில் அவளே எல்லாவற்றையும் வயர் இணைத்துப் பூட்டினாள். பீங்கான் வைக்கும் கண்ணாடி அலுமாரிக்குள் ரிசீவரை அழகாக வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அது தானாக நின்றுவிட்டது. உதயராஜ் வாசலில் நின்று, "நான் அப்பவே சொன்னேன், எனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றார். அவள் ஜஸீலுக்குப் போன் எடுத்தாள். பெட்டி சூடாகிவிட்டது, மூச்சு விட இடம் கொடுங்கள் என்றாராம். அதை வெளியே எடுத்து மேசையில் வைத்தாள். டீவியின் கீழே, அவர் நாற்காலியின் உயரத்துக்கு நடு ஸ்பீக்கரைச் சாய்த்து வைத்தாள். அந்த நாற்காலியில் தானே பஞ்சோடு உட்கார்ந்து, ரிமோட் பட்டனை அமர்த்தி அமர்த்திப் பேச்சைக் கூட்டினாள். அவரை வா என்று கூப்பிடவில்லை.

அன்று பின்னேரம் நான் வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். உதயராஜ் மாட்டுப் பக்கமிருந்து வந்து, அவர்கள் வாசற்படியில் நின்றார். உள்ளே நியூஸ் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே என் பக்கம் திரும்பினார்.

"ஜொய்சி, நாளைக்கும் மழையாம். நம்ம சப்ரகமுவவுக்குத்தான் கூடவாம்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. பிறகு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். "இந்த நியூஸ் வாசிக்கிற பொம்பள இவ்வளவு தெளிவாவா பேசுறா?" என்று அவர் கேட்டது சுவர் வழியாகக் கேட்டது. அனுஷியா சொன்ன பதில் சுவரைத் தாண்டி வரவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பாட்டு இன்னும் அவருக்குக் குழைந்துதான் கேட்கிறது. வேகமாகப் பேசும் நகைச்சுவைக் காட்சிகளில் பாதி போய்விடுகிறது. கரண்ட் குறையும் நாட்களில் பெட்டியை நிறுத்தி வைக்கிறார்கள். ஆனால் மாடு தனியாக இருக்கிறது, அவர் உள்ளே இருக்கிறார்.

போன கிழமை ஒரு நாள் பிள்ளைக் காம்பராவில் ஏணைத் தொட்டிலை ஆட்டிக்கொண்டே அனுஷியா புகார் சொன்னாள். நாடகம் ஓடும்போது அவள் ஏதோ கேட்டிருக்கிறாள். அவர் கையை உயர்த்தி, "செத்த பேசாம இரு அனு, அவ என்னமோ சொல்றா" என்றாராம்.

"பாருங்க அக்கா, என்னைய பேசாம இருக்கச் சொல்றாரு!" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.