பிக்கப் தலையில் எட்டணா

ரெகார்ட் பிளேயரில் ஊசியைத் தாங்கும் கையான பிக்கப்பைத் தூக்கி, ஊசியின் நுனியை லென்ஸில் பார்த்தேன். கறுப்புத் தூள் அப்பியிருந்தது. அழுக்கு என்று நினைத்து விரலில் தேய்த்தேன். அழுக்கு இல்லை, இசைத்தட்டுதான் பொடிப்பொடியாக வந்திருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அறுபதுகளில் பெங்களூர் கன்டோன்மென்ட்டில் ஒரு ரேடியோ கடையில் நான் மெக்கானிக். அன்று ஆடுகோடியிலிருந்து ஆரோக்கியசாமி சார் தன் ரெகார்ட் பிளேயரோடு வந்திருந்தார். பள்ளிக்கூட வாத்தியார். கூடவே அவர் மனைவி ஸ்டெல்லா அம்மா. மாதா கோயில் பாடகர் குழுவில் தனிக்குரல் அவருடையதுதான். குழுவின் பாட்டைச் சில பிரதிகள் மட்டும் தட்டாகப் போட்டார்கள். அடுத்த வருஷமே அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன். பேச்சும் போயிற்று, பாட்டும் போயிற்று. அவர் குரல் என்று வீட்டில் மிச்சமிருந்தது அந்த ஒரு தட்டுதான்.

வெயில் பட்டுத் தட்டின் ஓரம் வளைந்துவிட்டது. ஊசி குதிக்கிறது என்று ஆறு மாதம் முன்பு சார் வந்தபோது, எல்லோருக்கும் சொல்லும் வைத்தியத்தைத்தான் அவருக்கும் சொன்னேன்.

"பிக்கப் தலைமேல ஒரு நாலணா ஒட்டிடுங்க சார். குதிக்காம பராபரா ஓடும்."

செலவில்லாத யோசனை. அதில் எனக்குப் பெருமை வேறு. இப்போது பார்த்தால், பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தது எட்டணா!

"நாலணாவுக்கும் ஸ்வல்ப குதிச்சுது தம்பி. அதான் எட்டணா வச்சேன். தினம் காலைல ஒரு தடவ போடுவோம். இப்ப ஒரே இரைச்சல். பிளேட்டு பழசாயிடுச்சா?"

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஸ்டெல்லா அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழசாகல சார். அந்த பாரம் ஊசிய அழுத்தி பிளேட்ட சீவிடுச்சு. நான் சொன்னதுதான் தப்பு."

சார் முகம் வெளுத்துப்போயிற்று. "நீங்க சொன்னீங்கன்னுதானே வச்சேன்! தினம் என் கையாலயே வச்சேனே!"

பதற்றத்தில் இன்னொரு தப்பும் செய்தேன். பிக்கப் தலையில் ஊசியோடு மாட்டும் காட்ரிட்ஜில் கடையிலேயே விலை அதிகமானது, வெளிநாட்டு வைர ஊசி, பெரிய செட்டில் மாட்டியிருந்தது. தட்டை அதில் போட்டேன். அது ஒன்றையும் விட்டுவைக்காத காட்ரிட்ஜ். ஒவ்வொரு கீறலும் பட்டாசாக வெடித்தது. ஸ்டெல்லா அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். சட்டென்று ஊசியைத் தூக்கினேன்.

அப்போதுதான் புத்தி வந்தது. காயம்பட்ட தட்டுக்கு உசத்தியான காட்ரிட்ஜ் வேண்டாம், பொறுத்துப் போகிற காட்ரிட்ஜ்தான் வேண்டும். அலமாரியில் ஒரு சாதாரண செராமிக் காட்ரிட்ஜ் கிடந்தது. சத்தம் மந்தம் என்று யாரோ திருப்பிக் கொடுத்தது. அதன் ஊசி நுனி கொஞ்சம் பருமன். தட்டின் பள்ளத்தில் பழைய ஊசி சீவிய இடத்துக்கு மேலே, தேயாத பக்கத்தில் ஓடும். ஊசியைத் தாங்கும் ரப்பரும் மெத்தென்று இருந்ததால், தட்டு எழும்பும் இடத்தில் கூடவே எழும்பும். அதை அவருடைய பிளேயரில் மாட்டி, பிக்கப்பின் பாரத்தை வெகுவாகக் குறைத்து, தட்டில் இறக்கினேன்.

வெறும் 'உஸ்' என்றுதான் வந்தது. வளைந்த ஓரத்தில்தான் பாட்டு ஆரம்பம். அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நிமிர்ந்தேன்.

ஸ்டெல்லா அம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சத்தமில்லாமல் முதல் வரியைப் பாடினார், இரண்டாவது வரியைப் பாடினார். மூன்றாவது வரிக்கு அவர் வாய் திறந்தபோது, ஸ்பீக்கரிலிருந்து அவர் குரல் வந்தது. கொஞ்சம் மந்தமாக, ஆனால் முழுசாக.

ஆரோக்கியசாமி சார் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, அழுகையும் வந்தது.

அதற்குப் பிறகு, காட்ரிட்ஜ் கேட்டு வந்தவரிடம் முதலில் தட்டை வாங்கிப் பார்க்காமல் நான் எதையும் எடுத்துக் கொடுத்ததில்லை. தட்டு எதைத் தாங்குமோ அதைத்தான் மாட்ட வேண்டும். இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு வரிகளை எந்தக் காட்ரிட்ஜாலும் மீட்க முடியவில்லை. அவற்றின் வார்த்தைகள் என்னவென்று அந்த அம்மாவிடம் கேட்க எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை.