கேமராவுக்கு வைத்த பொட்டு

பக்திக்குக் குறைவு வந்துவிடுமோ என்று பயந்தே இதை எழுதப் பல வருடம் தயங்கினேன்.

எண்பதுகளில் செம்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பியூனாக இருந்தேன். தாராவியில் என் வீட்டுத் தையல் மெஷினுக்கு வைப்பதுபோல, ஆயுதபூஜையன்று அங்கே புதிதாக வந்த கேமராவுக்கும் சந்தனப் பொட்டு வைத்தேன். முன்கண்ணாடியின் நட்டநடுவில்.

பூஜை முடிந்து, மாட்டுங்காவிலிருந்து வரும் விஞ்ஞானி மேடம் இருட்டறையில் மினுங்கும் கடல்கிருமிகளைப் படமெடுத்தார். கேமராவோடு இணைத்த கம்ப்யூட்டர் திரை ஒரே கறுப்பு. மாதக்கணக்கில் வளர்த்த கிருமிகளின் ஒளியோ அணைந்துகொண்டிருந்தது. எனக்குப் பொட்டு ஞாபகம் வந்தது. வேலை போய்விடுமே என்று வாய் திறக்கவில்லை.

“கேமராவுக்குள்ள வெளிச்சம் வாங்கற புள்ளிகளை நாலு நாலா ஒண்ணு சேர்த்துடறேன். படம் கட்டம் கட்டமா இருக்கும், ஆனா தெரியும்” என்றார்.

தெரிந்தது! மேடம் குதித்தார். “எல்லாம் உங்க பூஜைதான் அண்ணா!”

வாய்வரை வந்த ‘ஆமாம்மா’வை விழுங்கினேன். “இல்லம்மா, இருட்டாக்குனதே நாந்தான். கண்ணாடியில பொட்டு வச்சிட்டேன்.”

விளக்கைப் போட்டுப் பார்த்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். “அரே, கேமராவுக்கே பொட்டா!” துடைத்துவிட்டு எடுத்த படம் இன்னும் பிரகாசமாக வந்தது.

அடுத்த வருடம் சந்தனக் கிண்ணத்தை அவரே நீட்டினார். “பக்கவாட்டில வைங்கோ.”

அன்று சாமி செய்த உதவி என் வாயைத் திறந்ததுதான். பொட்டால் படம் வந்ததாக மாற்றிவிடாமல், என் தப்பையும் சேர்த்து உள்ளபடியே நாலு பேரிடம் சொல்லுங்கள்.