அவள் சொன்னால்தான் விமானம் பறக்கும்

இருசப்பனின் தங்கை சங்கவி வென்றவற்றைச் சொல்ல வேண்டுமென்றால் காய்ச்சலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் கண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவள், யாரும் நம்பாதபோது எழுந்து உட்கார்ந்து கருவாடு கேட்டாள். பிறகு பள்ளிக்கூடம். குப்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் பெண் அவள். பன்னிரண்டாவதில் இயற்பியலில் பள்ளிக்கே முதல் மதிப்பெண். கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மீன் வாடை என்று எழுந்து போனதையும் வென்றாள். எழுந்து போனால் ஜன்னல் சீட் நமக்கு என்று சிரிப்பாள்.

கடைசியாக வென்றது தன் குரலை. விமானங்களுக்கு ரேடியோவில் வழி சொல்லும் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள், குரல் தேர்வில் தோற்றாள். அலைச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய வீடு அது. ஓராண்டு முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தணிந்த குரலில் இங்கிலீஷ் வாசித்தாள். இருசப்பனின் மனைவி சாந்தா முதல் வாரம் பயந்தே போனாள். "இன்னாய்யா, உன் தங்கச்சி செவுத்தாண்ட பேசிகினு கீது? மந்திரிச்சுக் கவுறு கட்டலாமா?" என்றாள். இரண்டாம் முறை சங்கவி தேறினாள்.

செங்கல்பட்டுக்கு மேற்கே, விமானம் ஓட்டக் கற்றுத்தரும் சின்னத் தளம் ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கே கோபுரத்தில் உட்கார்ந்து, மேலே பறக்கிறவர்களுக்கு உயரமும் வழியும் சொல்ல வேண்டும். தனியாக அந்த நாற்காலியில் உட்கார அனுமதி கிடைத்த வாரம் இருசப்பன் பேனர் வைத்தான்.

காதுகுத்துக்கும் கருமாதிக்கும் பேனர் வைக்கிற ஊரில் இதற்கு வைக்காமல் எப்படி? மாமல்லபுரத்துக்குத் தெற்கே, குப்பத்துக்குத் திரும்பும் முனையில், இரண்டு பனைமர உயரத்துக்குச் சாரம் கட்டினான். நடுவில் சங்கவி, காதில் ஹெட்போன், அடியில் பெயரும் வேலையும். கீழே வரிசையாக மாமன், மச்சான் முகங்கள், ஒவ்வொன்றும் தபால்தலை அளவு. மேலே சிவப்பில், இருசப்பன் யோசித்து யோசித்து எழுதிய வாசகம்: 'அவள் சொன்னால்தான் விமானம் பறக்கும்!'

சங்கவி பஸ்ஸை விட்டு இறங்கியதும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ண்ணா, இது தப்புண்ணா. நான் ஒருத்தி சொல்லி ஒண்ணும் பறக்காது" என்றாள்.

"உனுக்கு ஒண்ணும் தெரியாது, கம்னு இரு பாப்பா" என்றான் இருசப்பன்.

காற்றில் ஓரம் கிழிந்தபோது இரண்டு முறை அவனே ஏறித் தைத்தான்.

அந்த வியாழக்கிழமை காலை அவன் படகு கரைக்கு வந்துகொண்டிருந்தது. தலைக்கு மேலே மரப்பலகை பிளப்பதுபோல ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தபோது, சங்கவியின் தளத்திலிருந்து தினமும் கடல் வரை வந்து திரும்பும் சின்னப் பயிற்சி விமானங்கள் இரண்டும் வானத்தில் இல்லை. வெள்ளைத் துண்டுகள் வெயிலில் மின்னிக்கொண்டு இறங்கின. படகில் கூட இருந்த மச்சான் திருநாவுக்கரசு, அரசு என்றால்தான் ஊருக்குத் தெரியும், இன்ஜினைத் திருப்பிவிட்டான். கரையிலிருந்தும் படகுகள் வந்தன. ஒரு விமானத்தில் பயிற்சியாளரும் மாணவியும். அன்று மதியத்துக்குள் இருவர் உடல்களும் கிடைத்தன. இன்னொன்றில் தனியாக ஓட்டி வந்த பையன், ஆதித்யா, கிடைக்கவில்லை.

கடலில் ஒருவர் கிடக்கும்போது அந்தக் குப்பத்தில் யாரும் வலை போடுவதில்லை. யார் மீது தப்பு என்றும் பேசுவதில்லை. படகும் படகும் மோதி ஆள் போனாலும் அப்படித்தான். ஆள் கரையேறிய பிறகு, கோயில் வாசலில் வைத்துக் கேட்பார்கள். அப்போது கேட்கப்பட்டவன் பதில் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாதவன் தப்புக்காரன். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, மீறியவர்களும் இல்லை.

டி.வி.க்காரர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு தெரியாது. மாலையில் இருசப்பன் கரையேறி வந்தபோது, முனையில் நான்கு வண்டிகள் நின்றன. எல்லா கேமராக்களும் பேனரை நோக்கி இருந்தன. அரசாங்கமோ விமானதளமோ யார் பெயரையும் வெளியிடவில்லை. பெயரையும் முகத்தையும் கொடுத்தது பேனர். வீட்டுக்குள் சாந்தா டி.வி. முன்னால் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். திரையில் சங்கவி. அடியில், அவன் எழுதிய அதே வாசகம், பின்னால் ஒரு கேள்விக்குறியோடு.

'அவள் சொன்னால்தான் விமானம் பறக்கும்' என்றால், அவள் சொல்லித்தானே மோதியது என்று ஒருவர் கேட்டார். போனில் பேசிக்கொண்டிருந்தாளாம் என்றார் இன்னொருவர். மீன்காரி வீட்டுப் பெண்ணை அங்கே உட்கார வைத்தது யார் என்று ஒருவர் எழுதியதை, பல்லாயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள்.

"ஏறிப் போய் அறுத்துப் போடுய்யா அத்த" என்றாள் சாந்தா.

"இப்ப அறுத்தா இன்னா சொல்வான்? பயந்துகினு கழட்டிட்டான்னு அதையும் படம் புடிப்பான்."

போன் அடித்தது. சங்கவி. விடுதி அறையில் இருந்தாள். வெளியே யாரிடமும் எதுவும் பேசக் கூடாது என்று உத்தரவு. குரல் தணிந்தே இருந்தது. தேர்வுக்கு வாசித்த அதே குரல்.

"ண்ணா, ஒண்ணு சொல்றேன், உன்னோட வெச்சுக்க. மோதுனப்ப நான் சீட்ல இல்ல. அடுத்த டியூட்டி ஷாரோன் கையில ஒப்படைச்சுட்டு கீழ எறங்கிட்டேன்."

இருசப்பனுக்கு மூச்சு வந்தது. "அப்புறம் இன்னாத்துக்குடி கம்னு கீற? டி.வி.க்காரனுங்க எல்லாரும் வெளில கீறானுங்க. இப்பவே போய்ச் சொல்லிட்டு வரேன்."

"ண்ணா!" இந்த ஒரு சொல் மட்டும் அலைக்கு மேலே கேட்டது. "அவ பேரு உன் வாயில வரக் கூடாது. அவ சரியாத்தான் சொன்னா. மேல இருந்தவங்களுக்குக் கேட்டுச்சா, கேக்கலையா, யாருக்கும் தெரியாது. என்னை எறக்கிட்டு அவள ஏத்துவானுங்க. அவளுக்கு அப்பா மட்டும்தான், ஹார்ட் பேஷன்ட். நான் சீட்ல இல்லன்னு நீ சொன்னா போதும், அடுத்த நிமிஷம் யாருன்னு தேடிடுவானுங்க."

"அப்ப நீ?"

"எனக்கு நீ கீற இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் படகுகள் கிளம்பின. கரையில், சட்டை கசங்கி, காலில் ஷூவோடு ஒருவர் நின்றார். ஆதித்யாவின் அப்பா ஹரிகிருஷ்ணன். கல்பாக்கத்தில் டெக்னீஷியன். ராத்திரி முழுக்க அங்கேயே நின்றிருக்கிறார். யாரோ கைகாட்டியிருக்க வேண்டும். நேராக இருசப்பனிடம் வந்தார்.

"அந்த பேனர்ல இருக்கறது உங்க தங்கச்சியா?"

"ஆமா சார்."

"அன்னைக்கு அவங்கதான் டியூட்டியா?"

படகைத் தள்ளிக்கொண்டிருந்தவர்களின் கைகள் நின்றன. அரசுதான் பதில் சொன்னான். "சார், புள்ள கடல்ல கீது. அது கரையேறுறவரைக்கும் எங்காண்ட அந்தப் பேச்சு கெடையாது. அது வந்தப்புறம் கேளு. எல்லார் மின்னாடியும் கேளு. அவன் சொல்லித்தான் ஆவணும்."

ஹரிகிருஷ்ணன் கடலைப் பார்த்தார். "நானும் வரலாமா?"

இருசப்பன் அவர் கையைப் பிடித்துப் படகில் ஏற்றினான். "ஷூவைக் கழட்டுங்க சார். வழுக்கும்."

வெயில் ஏறும்வரை தேடினார்கள். தெற்கிலிருந்து நீரோட்டம் இழுத்தது; அதோடு சேர்ந்து வடக்கே போய்ப் போய்த் திரும்பினார்கள். தூரத்தில் கடலோரக் காவல்படைக் கப்பல் நின்றது. இருசப்பன் அவருக்குத் தண்ணீர் கொடுத்தான். அவர் வாங்கினார், குடிக்கவில்லை. அவர் சட்டைப்பையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. ஒரு முறை எடுத்துப் பார்த்தார். இருசப்பனுக்கும் திரை தெரிந்தது. சங்கவியின் முகம்தான்.

"எல்லாரும் இதையே அனுப்பறாங்க" என்றார். "அவனுக்கு நீச்சல் தெரியும். சதுரங்கப்பட்டினத்துல நான்தான் கத்துக்குடுத்தேன்."

இருசப்பன் அந்த ஒரு வரியை மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். சார், என் தங்கச்சி அப்ப சீட்ல இல்ல. சொல்லிவிட்டால் இந்த மனிதர் தன்னை இப்படிப் பார்க்க மாட்டார். ஆனால் பையன் இன்னும் தண்ணீரில் இருந்தான். வாயை மூடிக்கொள்ள அது ஒரு காரணமாக இருந்தது. கரையேறிவிட்டால் அந்தக் காரணமும் போய்விடும். பையன் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே, கிடைத்தால் என்ன செய்வது என்றும் பயந்தான்.

மத்தியானம் தாண்டி, வடக்கே தேடிய படகிலிருந்து போன் வந்தது. பக்கத்தில் போய்ச் சேர்ந்ததும் அரசு தன் சட்டையைக் கழற்றினான். முகத்தை மூடி, பிறகு அப்பாவுக்குக் காட்ட விலக்கினான். ஹரிகிருஷ்ணன் பையனின் வாட்ச்சைத் தொட்டுப் பார்த்தார். இருசப்பன் அவர் முதுகில் கையை வைத்து, கரை வரும்வரை எடுக்கவில்லை.

கரையில் ஆம்புலன்ஸ், போலீஸ், கேமரா. பையனை ஏற்றினார்கள். ஹரிகிருஷ்ணன் ஏறவில்லை. கோயில் பக்கம் திரும்பி நின்றார். குப்பமே அங்கே கூடியிருந்தது.

"வந்துட்டான்" என்றார். "இப்ப கேக்கலாம் இல்ல?"

மைக்குகள் இருசப்பனின் முகத்துக்கு முன்னால் வந்தன.

"அவன் செத்த நிமிஷம் அந்த சீட்ல உங்க தங்கச்சியா இருந்தாங்க? ஆமாவா, இல்லையா? எனக்கு ஒரு வார்த்தை போதும்."

இல்லை. அவ்வளவுதான். மூன்றெழுத்து. சொன்னால் பேனரில் உள்ள முகம் இன்றைக்கே கழுவப்பட்டுவிடும். நாளைக்கு வேறொரு முகம் தேடப்படும். இதய நோய் உள்ள ஓர் அப்பாவின் வீட்டு வாசலில் நான்கு வண்டிகள் நிற்கும்.

"சார், அந்த பேனர்ல கீறது பொய்" என்றான் இருசப்பன். "அது நான் எழுதுனது. என் தங்கச்சி அன்னிக்கே தப்புன்னுச்சு, நான்தான் கேக்கல. திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க."

"நான் கேட்டது அது இல்ல."

"தெரியும் சார். அத்த விசாரிக்கிறவங்க தங்கச்சியைக் கேப்பாங்க. அங்க அது சொல்லும். நான் சொல்ல மாட்டேன்."

கூட்டத்தில் ஒரு பெரியவர், "டேய் இருசப்பா, கேட்டா சொல்லணும்டா. நம்ம வழக்கம் தெரியாதா உனுக்கு?" என்றார்.

"தெரியும் நைனா."

"சொல்லு மச்சான்" என்றான் அரசு, கெஞ்சுகிற குரலில். "உன் மூஞ்சைப் பாத்தா தெரியுது, உன்னாண்ட பதிலு கீது."

இருசப்பன் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஹரிகிருஷ்ணன் திரும்பி நடந்தார். ஆம்புலன்ஸில் ஏறினார். கூட்டம் கலைந்தது. அவனைக் கடந்துபோன யாரும் அவனைத் தொட்டுப் போகவில்லை.

மாலைச் செய்தியில் 'வாய் திறக்க மறுத்த அண்ணன்' என்று போட்டார்கள். மறுநாள் காலை, எல்லாரும் பார்க்க, அவன் சாரத்தில் ஏறிக் கயிறுகளை அறுத்து, பேனரை முகம் உள்ளே போகும்படி சுருட்டி எடுத்து வந்தான். அதையும் படம் பிடித்தார்கள். அதற்கப்புறம் இரண்டு மாதம் அரசு அவனோடு படகில் வந்தான், சிரித்துப் பேசவில்லை.

விசாரணையின் முதல் குறிப்பு புரட்டாசியில் வெளியானது. அதில் யார் பெயரும் இல்லை. மோதலுக்குச் சற்று முன்புதான் கோபுரத்தில் ஆள் மாறியது என்றும், எச்சரிக்கை நேரத்தோடு சொல்லப்பட்டது என்றும், அது இரண்டு விமானங்களிலும் கேட்டதா என்பது இன்னும் ஆராயப்படுகிறது என்றும் இருந்தது. ஒரு டி.வி.யும் அதை முனைக்கு வந்து வாசிக்கவில்லை. அரசு மட்டும் போனில் படித்துவிட்டு, படகுக்குள் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தான். "சொல்லித் தொலைச்சிருந்தா இன்னாடா மச்சான்!"

அடுத்த ஞாயிறு சங்கவி வீட்டுக்கு வந்தாள், கூடவே ஒல்லியான ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு. அந்தப் பெண் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"நான்தான் ஷாரோன்ணா. நீங்க என் பேரைச் சொல்லியிருக்கலாம்."

இருசப்பன் தலையைச் சொறிந்தான். "உள்ள வாம்மா. உங்க அண்ணி வஞ்சரம் வறுத்துகினு கீறா. ஆறிடும்."

சாப்பிடும்போது போன் அடித்தது. ஹரிகிருஷ்ணன். இருசப்பன் எழுந்து வெளியே போய்ப் பேசினான். அவர் குறிப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. "உங்க தங்கச்சி திரும்ப வேலைக்குப் போறாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"நாளைக்குப் போவுது சார்."

"சரி" என்றார். வைத்துவிட்டார்.

மறுநாள் பஸ் வரும்வரை அண்ணனும் தங்கையும் முனையில் நின்றார்கள். தலைக்கு மேலே வெறும் சாரம். நாற்காலியில் உட்காருமுன் அங்கே ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்று சங்கவி முன்பே சொல்லியிருக்கிறாள். போட்டுவிட்டால், அடுத்தவர் வந்து போடும்வரை மேலே இருப்பவர்கள் எல்லாரும் தன் பொறுப்பு.

"கை நடுங்குமா பாப்பா?"

"மொத நாளே நடுங்குச்சு. போட்டுட்டு, நம்ம பேரு தானான்னு ரெண்டு வாட்டி பாத்தேன்."

"அது என்னிக்கு?"

சங்கவி சிரித்தாள். அத்தனை பெரிய பேனர் வைத்தவன் அன்றைக்கு அதைக் கேட்கவே இல்லை. பஸ் படியில் கால் வைத்துத் திரும்பி, தணிந்த குரலில் அந்தத் தேதியைச் சொன்னாள். இன்ஜின் சத்தத்திலும் இருசப்பனுக்குத் தெளிவாகக் கேட்டது.

2024, மார்ச் 4.