மூன்றுக்கும் பொது என்ன

சேராததைக் கண்டுபிடிக்கும் கேள்விகளில் என் கிட்டே யாரும் வர முடியாது. இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமே இல்லை. நான்கு சொற்களைக் கொடுத்து, இதில் எது சேராது என்று கேட்பார்கள். பெரும்பாலோர் அந்த ஒன்றைத் தேடிக் கண்ணை ஓட்டுவார்கள். நான் அந்தப் பக்கமே போக மாட்டேன். மூன்றுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். அது கிடைத்துவிட்டால் நான்காவது தானாகக் கழன்றுவிடும்.

இதில் எனக்குப் பழக்கம் ஏற்பட்டது கம்பெனி பஸ்ஸில். ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் பிரிவில் இருந்தேன். மேஜைக்கு நாலு பெண்கள். சொல்யூஷன் என்கிற பசையை பிரஷ்ஷில் தொட்டு ஷூவின் அடியில் பூச வேண்டும். வேலை ஒன்றும் கஷ்டமில்லை, வாசனைதான் ஆளைக் கொல்லும். சாயங்காலம் ஆனால் நெற்றிப் பொட்டு இரண்டையும் யாரோ கட்டை விரலால் அழுத்துவது மாதிரி இருக்கும். வீட்டில் டிவி சத்தம் கேட்டாலே எரிந்து விழுவேன். அந்த மேஜையை விட்டு எழுந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு ஆசை கிடையாது.

செக்கிங் பிரிவில் ஓர் இடம் காலியானது. தேர்வு வைத்து ஆள் எடுப்போம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். இந்த மாதிரிக் கேள்விகள்தான் நிறைய வரும் என்று கேள்விப்பட்டு, பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு புத்தகம் வாங்கினேன். போகும்போதும் வரும்போதும் உரக்கப் படித்தேன். மனதுக்குள் படித்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

உரக்கப் படித்தால் பஸ் சும்மா இருக்குமா? "கேரட், முள்ளங்கி, பீட்ரூட், கத்தரிக்காய்" என்று நான் முடிப்பதற்குள் "கத்தரிக்காய்!" என்று பஸ்ஸே கத்தியது.

"ஏன்?" என்றேன்.

"இன்னாடி கேள்வி இது? பிரியாணிக்குத் தொட்டுக்க கத்தரிக்காதானே வைப்பாங்க? முள்ளங்கியா வைப்பாங்க?" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி. பிரிவிலும் என் மேஜையில் எனக்கு எதிரே உட்காருகிறவள் அவள். என் உயிர்த்தோழி.

புத்தகத்திலும் விடை கத்தரிக்காய்தான். ஆனால் மற்ற மூன்றும் மண்ணுக்குள் விளைபவை என்பதுதான் காரணம். "விடை சரி, காரணம் தப்பு. செல்லாது" என்று அறிவித்தேன். சரியான விடைக்கு மார்க் கொடுக்காத அநியாயக்காரி என்று இறங்கும்வரை எல்லாரும் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். நான் அசையவில்லை. தோழிதான் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நீயும் எழுதேன்டி" என்று அவளைக் கூப்பிட்டேன்.

"அந்த பேஜாரெல்லாம் எனக்கு வேணாம். நீ போய் எழுது, நான் கை தட்றேன்" என்றாள்.

தேர்வை நன்றாகவே எழுதினேன். பிறகு ஒரு மேடம் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். என் தாளில் ஒரு கேள்வியின் மேல் விரலை வைத்தார். ஆடு, மாடு, மான், குதிரை. நான் குதிரை என்று எழுதியிருந்தேன்.

"எல்லாரும் மான்னு போட்டிருக்காங்க. அது ஒண்ணுதான் வீட்ல வளர்க்காதது. நீங்க மட்டும் ஏன் இப்படி?"

"மத்த மூணுக்கும் குளம்பு ரெண்டா பிளந்திருக்கும் மேடம். குதிரைக்கு அப்படி இல்ல."

"எங்களுக்குக் குடுத்த விடையில மான்தான் இருக்கு. இதுக்கு மார்க் கிடையாது."

"மார்க் வேணாம் மேடம். ரெண்டு விடையும் சரின்னா கோளாறு கேள்வியிலதான். அதைத்தான் ரிஜெக்ட் பண்ணணும்."

சொன்ன பிறகுதான் வாயைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாமோ என்று பட்டது. மேடம் கோபப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "இந்தக் கறார் ஷூ மேலயும் இருக்குமா? உங்களுக்கு வேண்டியவங்க ஒட்டின ஷூவா இருந்தாலும்?" என்று கேட்டார்.

"இருக்கும் மேடம்" என்றேன், யோசிக்காமல்.

இடம் எனக்குக் கிடைத்தது. தோழி சொன்னபடியே பஸ்ஸில் எழுந்து நின்று கை தட்டினாள். செக்கிங் பிரிவில் காற்றும் வெளிச்சமும் தாராளம். ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். சில நாளிலேயே என் தலைவலி போன இடம் தெரியவில்லை. சாயங்காலங்களில் டிவியை நானே சத்தமாக வைத்தேன்.

ஒரு நாள் என் பழைய மேஜையிலிருந்து வந்த ஷூக்களில் சொல்யூஷன் தோலின் மேல் வழிந்து காய்ந்திருந்தது. ரிஜெக்ட் ஆனால் அந்த மேஜைக்காரர்கள் ஷிப்ட் முடிந்தும் உட்கார்ந்து சரிசெய்துவிட்டுத்தான் போக வேண்டும். அதற்குள் பஸ் போய்விடும். தோழியே என்னிடம் வந்தாள்.

"கொஞ்சூண்டுதானே வழிஞ்சிருக்கு. விட்டுடேன்டி. வீட்ல புள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கும்."

நான் ஸ்டிக்கரை ஒட்டினேன். அவள் திரும்பிப் போனாள். அன்று பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே வந்தது.

மறுநாள் காலையில் அவள் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியதும் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி என்னைக் கேட்டாள்.

"உனக்குத்தான் இதெல்லாம் நல்லா வருமே. ஒரே மேஜையில நாம நாலு பேர் இருந்தோம். இதுல யாரு சேராது, சொல்லு பாக்கலாம்?"

பஸ் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. எனக்கு ரொம்ப வலித்தது. ஸ்டிக்கர் ஒட்டியதில் தப்பில்லை, இன்றைக்கு அந்த ஷூ வந்தாலும் ஒட்டுவேன். ஆனால் பழக்கதோஷம், என் புத்தி மூன்று பேருக்கும் பொது என்ன என்று தேடப் போய்விட்டது. தேடின உடனே கிடைத்தும்விட்டது. அவர்கள் மூன்று பேருக்கும் சாயங்காலமானால் தலை வலிக்கும். எனக்கு வலிக்காது.

"நான்தான்" என்றேன்.

"ஏன்?" என்றாள் அவள்.

காரணம் சரியாகத் தெரிந்திருந்தும் என்னால் அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.